போதும் என்று சொல்லாத வீடு

என் அக்கா ஒஃபெலியாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். அன்று மகளோடு டாக்டரிடம் போய்விட்டு வந்தவள், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்துப் போட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த நான் மெல்லக் காலை மடக்கிக்கொண்டேன். அக்கா வீட்டுப் பின்னறையில் ஓசியில் இருப்பவனுக்கு அந்த அளவு அறிவாவது வேண்டும்.

யாரெலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து வயது. அவளுக்கு நான் தாய்மாமன் மட்டுமல்ல, ஞானத்தகப்பனும்கூட. ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவன் நான்தான், அன்றைக்கே கை வலித்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் கன்னம் உப்பியிருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் கிள்ளி முத்தம் கொடுப்பார்கள். குண்டு என்று கூப்பிடுவது செல்லம். பிள்ளை ஒல்லியாக இருந்தால்தான், "ஏன், அம்மா சமைக்கறதில்லையா?" என்று கேட்பார்கள்.

"தாச்சோ மாமா, எனக்கும் தாத்தா மாதிரி கால வெட்டுவாங்களா?" என்றாள்.

அவள் தாத்தா, அதாவது அக்கா புருஷனின் அப்பா, கடைசிக் காலத்தில் இந்த வீட்டில்தான் சக்கர நாற்காலியில் இருந்தார். முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் வரை போய் வருவது யாரெலியின் வேலையாக இருந்தது.

"யாருடி அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ரத்தத்துல சக்கரை எல்லைக்கு வந்துடுச்சாம். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி மறுபடி பாப்பாங்களாம். அப்பவும் ஏறியிருந்தா மாத்திரையாம். தாத்தாவும் முதல்ல மாத்திரைதான மாமா சாப்பிட்டாரு?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து ஃபெர்மின் வந்தார். அக்கா புருஷன் கூரை வேலை மேஸ்திரி. எங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கோடை வெயிலில் தார்க்கூரை மேல் நாள் முழுக்க நிற்கிற மனிதர், வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் மழை பெய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார். அன்று வெள்ளிக்கிழமை. ஒரு கையில் சர்க்கரை தூவிய, சங்கு மாதிரி வரி போட்ட இனிப்பு ரொட்டிப் பை. இன்னொரு கையில் சிவப்பு சோடா, நான்கு பாட்டில். வாரம் முழுவதும் விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிறவர். பெண் மேல் வைத்திருந்த பாசம் முழுவதும் அந்த இரண்டு பைகளில்தான் வரும்.

"எங்க என் குண்டு ராணி?" என்றார்.

யாரெலி எழுந்து ஓடினாள். அக்கா ஈரக்கையோடு நடுவே வந்து சோடாவைப் பிடுங்கினாள்.

"கெழவா, இது இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

எங்கள் ஊரில் கல்யாணமான மறுநாளிலிருந்தே புருஷன் கெழவன், பெண்டாட்டி கெழவி. அதில் கொஞ்சல் எவ்வளவு, கொதிப்பு எவ்வளவு என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று முழுக்கக் கொதிப்பு. டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்துவிட்டு அவள் கடைசியாகச் சொன்னாள்:

"மாதா கோயில் மண்டபத்துல சனிக்கிழம காலையில வகுப்பு வெக்கறாங்களாம். பிள்ளைங்களுக்கு எடை ஏறாம பாத்துக்கறது எப்படின்னு. அப்பாவும் பிள்ளையும் மட்டும் வரணுமாம். அம்மாமார்க்கு அனுமதி கிடையாது."

"என்னது? புள்ளைக்கு சோறு போடறத எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா? அது பொம்பளைங்க சமாச்சாரம். நீ போ."

"நான் தனியா ஒரு வருஷமா பாத்தாச்சே! நான் காய் வெக்கறேன், நீ சோடா கொண்டாரே. நான் வேணாங்கறேன், நீ 'பாவம் பிள்ளை'ங்கறே. நான் போலீசு, நீ மட்டும் கிறிஸ்துமஸ் தாத்தாவா?"

ஃபெர்மினுக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுக்காமல் வேறு பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டரம்மா பொண்ண பயமுறுத்தி அனுப்பியிருக்கா. இப்பப் பாரு, அந்தப் பயத்துலயே சக்கரை வந்துடும். எங்கப்பாவுக்கு எப்படி வந்துச்சு? காளை துரத்தி வந்துச்சு."

எங்கள் ஆட்களிடம் இது வேர்விட்ட நம்பிக்கை. சர்க்கரை வியாதி தின்பதால் வராது, திடுக்கிட்டால் வரும். ஃபெர்மினின் அப்பாவை வாலிபத்தில் ஒரு காளை துரத்தியது என்பது குடும்ப வரலாறு. காளை துரத்தியதற்கும் வியாதி தெரிந்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறை ஓடியிருக்கிறது. அதற்குள் அவர் குடித்த சோடாவை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. பழி முழுவதும் அந்தக் காளையின் தலையில்.

"அப்ப ஒரு காளையப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி பாத்திரம் கழுவப் போனாள்.

இப்படியாக, சனிக்கிழமை காலை அப்பாக்கள் வகுப்புக்கு, பெண்டாட்டியே இல்லாத நான் போனேன்.

கோயிலுக்குப் பின்னால் மண்டபம். வாசலில் லாரிகளும் பிக்கப் வண்டிகளும் என்ஜின் அணைக்காமல் நின்றன. பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்று அப்பன்மார் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தயாராக இருந்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். பெயர் கிராசியானோ. அவருக்கே நல்ல தொந்தி.

"என்னய்யா எல்லாரும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி வாசல்லயே நிக்கறீங்க? புள்ளைய விட்டுட்டுப் போறதுக்கு இது பள்ளிக்கூடம் இல்ல. இங்க மாணவன் நீங்கதான். புள்ளைங்க உங்களுக்குத் துணைக்கு வந்திருக்காங்க. எறங்குங்க!"

வண்டிக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்: "உங்க வயித்தப் பாத்தா நீங்க பாடம் எடுக்கற ஆள் மாதிரி தெரியலியே!"

"போன வருஷம் பாத்திருக்கணும் நீ. உள்ள வர்றதுக்கு அந்த ரெண்டு கதவையும் தொறக்கணும். நான் ஒல்லியா இருந்தா நீங்க கேப்பீங்களாய்யா? 'இவனுக்கு என்ன தெரியும் பசியப் பத்தி'ம்பீங்க."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் இறங்கித்தானே ஆக வேண்டும். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிராசியானோ என்னிடம் வந்தார்.

"நீ அப்பனா?"

"மாமன். ஞானத்தகப்பனும்கூட."

"நல்லது." அவர் குனிந்து யாரெலியிடம் கேட்டார்: "வீட்ல நீ யாரு தட்டப் பாத்துச் சாப்பிடுவ கண்ணு?"

அவள் யோசிக்கவே இல்லை. "அப்பா தட்ட."

"அப்ப அந்தத் தட்டு இங்க வரணுமே," என்றார். அதோடு விட்டுவிட்டு மைதானத்துக்குக் கூப்பிட்டார்.

முதல் பாடமே ஓட்டம். அப்பா காலையும் பிள்ளை காலையும் துணியால் சேர்த்துக் கட்டி, மூன்று காலில் ஓட வேண்டும். டயர் கடையில் நாளெல்லாம் உட்கார்ந்து பஞ்சர் பார்க்கிறவன் நான். இரண்டு காலிலேயே ஓடிப் பல வருஷம் ஆகிறது. பாதி தூரத்தில் நான் ஒரு பக்கம் போக யாரெலி இன்னொரு பக்கம் போக, இரண்டு பேரும் மூட்டை மாதிரி விழுந்தோம். முழங்காலில் புல் ஒட்டியபடி எழுந்தால், எதிரே அபுண்டியோ நின்றான். அவனும் கூரை மேஸ்திரிதான், வேறு கோஷ்டி. அவனுக்கும் ஃபெர்மினுக்கும் கோயில் திருவிழாவில் யார் சுட்ட கறி நன்றாக இருந்தது என்பதில் பழைய பகை.

"எங்கய்யா ஃபெர்மின்? கூரை மேலயே தூங்கிட்டானா? இல்ல பொண்ணு கூட ஓடறதுக்குத் தெம்பு இல்லியா?" என்றான். அவன் மகன் பல்லைக் காட்டினான்.

"வேலைக்குப் போயிருக்காரு," என்றாள் யாரெலி. மதியம் ஃபெர்மின் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது போய் அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, 'உங்கப்பா எங்க'ன்னு கேட்டாங்க."

"வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்." காலால் தரையைத் தேய்த்தாள். "ஆனா அங்க வந்த எல்லாருக்கும் வேலை இருக்குப்பா."

ஃபெர்மின் ஒரு பூட்ஸைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரும்பு சூடாக இருக்கும்போதுதானே அடிக்க வேண்டும்? நான் மெதுவாக அபுண்டியோ சொன்னதை, கொஞ்சம் காரம் சேர்த்து, காதில் போட்டேன்.

"அவனா? அந்தக் கறி கருக்கியா?" ஃபெர்மின் துள்ளி எழுந்தார். "மாப்ள, அடுத்த சனிக்கிழம நான் போறேன். அவன் வாய அடைக்கறதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல."

"தெரியும் மச்சான்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, கூரை ஆட்களை வேறொருவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். எப்படிப் போனதோ தெரியாது. திரும்பி வந்தபோது அப்பனும் மகளும் புழுதி அப்பிய முகத்தோடு, ஜெயித்த காளையும் கன்றும் மாதிரி வந்தார்கள்.

"அபுண்டியோ விழுந்தாம்மா!" என்றாள் யாரெலி. "மூஞ்சி குப்புற!"

ஃபெர்மின் எதையோ சாதித்தவர் போல அக்காவைப் பார்த்தார். "கெழவி, வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்க. இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு நான்தான் பண்ணணும். இவ உதவி. நீ நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. நான்தான் பரிமாறுவேன்."

அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்டதில்லை. "நீயா? உப்பு டப்பா எதுன்னு தெரியுமா?"

"நக்கிப் பாத்தாத் தெரியுது."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபெர்மின் மேஜையில் உட்காருவார், பக்கத்தில் யாரெலி, எதிரே நான். அக்கா உட்கார மாட்டாள். அடுப்பில் கல்லைப் போட்டு, பன்றிக்கொழுப்பு பிசைந்த மாவைத் தேய்த்து, தோர்த்தியா ரொட்டியைச் சுடச்சுட ஒவ்வொன்றாக அவர் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாள். ஒன்று முடியுமுன் அடுத்தது விழும். அவர் சாப்பிடுவார். யாரெலியும் சாப்பிடுவாள். நான் ஏன் சும்மா இருக்க வேண்டும், நானும் சாப்பிடுவேன். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு அக்கா நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

அன்று எல்லாம் தலைகீழ். அக்காவை மேஜையில் உட்காரவைத்து, மடியில் துண்டு விரித்தார்கள். ஃபெர்மின் இடுப்பில் அவளுடைய பூப்போட்ட ஏப்ரன். அதன் கயிறு முதுகுப் பக்கம் எட்டவில்லை, இரண்டு முனைக்கும் நடுவே ஒரு நாடாவைச் சேர்த்துக் கட்டியிருந்தார். யாரெலி சப்பாத்திக்கள்ளி மடலைத் துண்டு போட்டாள், எங்கள் பக்கத்தில் அதுவும் காய்கறிதான். அதன் முள்ளைச் சீவுவது மட்டும் அப்பா வேலை.

"அப்பா, இங்க ஒரு முள்ளு."

"ஆங்."

"அப்பா, இங்கயும்."

"அபுண்டியோ வீட்டுக் கள்ளியோ என்னவோ. முள்ளு ஜாஸ்தியா இருக்கு."

கள்ளியைத் தக்காளி, வெங்காயத்தோடு வதக்கினார்கள். அவரைக்காய் போட்டுக் கோழிக் குழம்பு. அதுவரை பழுதில்லை. ரொட்டிதான் கூத்து. கொழுப்புக்குப் பதில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லியிருந்தார்களாம். மாவு கையில் ஒட்டியது, கையிலிருந்து மூக்கில் ஒட்டியது. முதல் ரொட்டியைக் கல்லில் போட்டபோது அது வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. எங்கள் மாநிலத்தின் படத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி இருந்தது.

"வடக்குப் பக்கம் கருகுது மச்சான்," என்றேன்.

"வாய மூடிட்டு சாப்பிடு மாப்ள."

முதல் ரொட்டி அக்காவின் தட்டில் விழுந்தது. அவள் கிழித்தாள். அதாவது கிழிக்கப் பார்த்தாள். கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. குழம்பில் தோய்த்துத் தின்று, "நல்லாருக்கு," என்றாள். ஃபெர்மினுக்கு முகமெல்லாம் பல். அடுத்ததைப் போட்டார். தின்றாள். அடுத்தது விழுந்தது. அதையும் தின்றாள். அவர் வியர்வை வழியத் தேய்ப்பதும், சுடுவதும், யாரெலி ஓடி வந்து தட்டில் போடுவதும், அக்கா மெல்லுவதுமாகப் போய்க்கொண்டே இருந்தது. நானும் யாரெலியும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அக்கா முடிக்கவில்லை. பொதுவாக இரண்டு ரொட்டிக்கு மேல் தொடாதவள். முகம் சிவந்துவிட்டது, மூச்சு வாங்கினாள். மேஜைக்கடியில் பாவாடை நாடாவைத் தளர்த்துவதை நான் பார்த்தேன்.

"அம்மா, இன்னும் பசிக்குதா உனக்கு?" என்று கேட்டாள் யாரெலி.

"எங்கடி பசி? தொண்ட வரைக்கும் நிக்குது," என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"அப்புறம் ஏம்மா சாப்பிடறே?"

"உங்கப்பா அவ்ளோ ஆசையா சுட்டுப் போட்டுட்டே இருக்காரே. வேணாம்னா மனசு நோவாதா?"

கிசுகிசு என்றாலும் அது என் அக்காவின் கிசுகிசு. ஃபெர்மின் கரண்டியோடு திரும்பினார்.

"நான் ஏன் சுட்டுட்டே இருக்கேன்? நீ நிறுத்தாம சாப்பிடறியே, பசியோ என்னவோன்னுதான்! இடுப்பு ஒடியுதுடி எனக்கு. போதும்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?" என்றாள் அக்கா சட்டென்று.

"நான் என்ன சொன்னேனா?"

"போதும்னு. கல்யாணமான நாள்லேருந்து ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கியா?"

கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. ஃபெர்மின் கரண்டியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னா. பொண்டாட்டி சுட்டுப் போட்ட ரொட்டிய வேணாம்னு தள்ளினா, அவளையே தள்ளின மாதிரின்னு. அதனால... ஒஃபெலியா, எனக்குப் பாதியிலயே வயிறு நெறஞ்சிடும். மீதியெல்லாம் உனக்காகத்தான் தின்னேன்."

"அடப் பாவி!" அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்கம்மா என்ன சொல்லி அனுப்பினா தெரியுமா? புருஷன் தட்டு காலியாகறதுக்குள்ள அடுத்த ரொட்டி விழணும், இல்லேன்னா அவன் வேற வீட்டு அடுப்பத் தேடிப் போவான்னு. நீ எப்பதான் நிறுத்துவியோன்னு நின்னு நின்னு எனக்குக் கால் வீங்கிப் போச்சுடா!"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அக்கா மேஜையில் தலை சாய்த்துச் சிரித்தாள், சிரிக்க வயிற்றில் இடமில்லாமல் "ஐயோ, ஐயோ" என்றாள். ஃபெர்மின் மாவுக் கையால் கண்ணைத் துடைத்து முகத்தை இன்னும் வெள்ளையாக்கிக்கொண்டார். இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு உபதேசம் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், நடுவில் மாட்டிக்கொண்டது இவர்கள் வயிறு. நானும் சிரித்தேன், ஆனால் அளவாக. இந்தப் பாசப் போட்டியில் இத்தனை நாளும் இலவசமாக வளர்ந்த தொந்தி என்னுடையது.

யாரெலி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நான்?" என்றாள். "எனக்கும் வயிறு நெறஞ்சிடும்பா. நீ நிறுத்தினதும் நிறுத்தலாம்னு பாப்பேன். நீ நிறுத்தவே மாட்டே."

ஃபெர்மின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏப்ரனோடு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அடுப்பை அணைக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரே நாளில் துறவியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாளிலிருந்து இரண்டாவது ரொட்டிக்குப் பிறகு "போதும் கெழவி" என்று சொல்லப் பழகினார். முதல் வாரம் அதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ குற்றம் செய்தவர் போல அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அவளும் முதல் வாரம், "நெசமாத்தானா? சாப்பாடு பிடிக்கலியா?" என்று இரண்டு தரம் கேட்பாள். பிறகு அவளும் மேஜையில் உட்கார ஆரம்பித்தாள். அவள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது, ஏதோ விருந்தாளி வந்த மாதிரி. சனிக்கிழமை வகுப்பையும் விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அப்பனும் மகளும் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது வாய்க்கால் கரையோடு நடந்து வருவார்கள். போகும் வழியில் என்ன பேசுவார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாட்டுத் தலைக்கறியும் சிவப்பு சோடாவும் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வாரம் தொடங்காது. கறியைக் குறைத்துக்கொண்டார்கள். சோடாவுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு. ஃபெர்மின் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம் அவரைக் காணோம். வெளியே வெயில் கொளுத்துகிறது. யாரெலிதான் கண்டுபிடித்தாள். தெருவோரம் நின்ற வண்டிக்குள், கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, என்ஜின் சத்தம் கேட்டுவிடும் என்று ஏசியும் போடாமல், சட்டை நனைய உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார் மனிதர். இந்த வயதில் பெண்டாட்டிக்குப் பயந்து திருட்டுத்தனமாகச் சாராயம் குடிக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், சோடா குடிக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

யாரெலி கண்ணாடியைத் தட்டினாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்கு?" என்று கையை நீட்டினாள்.

அவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொடுக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. கடைசியில் இறங்கி மீதியைப் புல்லில் கொட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார்.

"சொல்ல மாட்டேன். ஆனா வண்டியில நீ இனிமே தனியா உக்காரக் கூடாது."

வாசலில் நின்று நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை. பாட்டில் காலியாவதற்குள் எனக்கு ஒரு வாய் தந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது டாக்டரிடம் போனோம். யாரெலி முந்தின நாளே சாப்பாட்டில் மனம் இல்லாமல் இருந்தாள். ஃபெர்மின் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். யாரெலி தாத்தாவின் மாத்திரை டப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

நர்ஸ் ஊசியை எடுத்ததும் யாரெலி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றாள் நர்ஸ்.

"அப்பா மொதல்ல."

"எனக்கு எதுக்கு?" ஃபெர்மின் ஓரடி பின்வாங்கினார். கூரை விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்கிறவர், அந்தச் சின்ன ஊசியைப் பார்த்து வெளிறிப் போனார். பிறந்ததிலிருந்து அவர் சர்க்கரை பார்த்ததே இல்லை. "பாத்தாத்தான் வியாதி, பாக்காட்டி இல்ல" என்பது அவர் கட்சி.

"அப்பா மொதல்ல," என்றாள் அவள் மறுபடி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார். இன்னொரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அவள் நீட்டினாள். இரண்டு சொட்டு ரத்தமும் மெஷினுக்குள் போயின. நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அக்கா ஜெபமாலையை உருட்டினாள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "யாரெலிக்கு எல்லைக்குக் கீழ போயிடுச்சு. மாத்திரை வேணாம். நல்லாப் பண்ணியிருக்கீங்க, இப்படியே விடாம பண்ணுங்க."

அக்கா ஓவென்று அழுதாள். யாரெலி குதித்தாள். ஃபெர்மின் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார், சந்தோஷத்தில்தான். டாக்டரம்மா இன்னொரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்றார்.

உட்கார்ந்தார். அவருக்கு எல்லை தாண்டி வெகு தூரம் போயிருந்தது. மகளுக்கு எப்போதும் இருந்ததைவிட மோசம். இது இன்று நேற்று வந்ததில்லை, பல வருஷமாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இன்றிலிருந்தே மாத்திரை போட வேண்டும், கூடவே சாப்பாட்டிலும் நடையிலும் கவனம் வேண்டும், அப்படி இருந்தால் பயமில்லை, கால் கண் எதற்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஃபெர்மின் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறியிருக்காது. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"வீட்ல இவரக் கூட இருந்து யாரு பாத்துக்குவீங்க? சாப்பாடு, மாத்திரை, நடை எல்லாம்?" என்று டாக்டரம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் யாரெலி வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையை உயர்த்தினாள்.

"நான்."

"நீ சின்னப் பொண்ணாச்சே கண்ணு."

"எனக்கு எல்லாம் தெரியும். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிச்சோம்."

ஃபெர்மின் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவருடைய அப்பா இறந்த அன்றுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அக்கா அவர் முதுகில் கை வைத்தாள். யாரெலி தொப்பியை மெல்ல விலக்கி, தன் கவுனின் விளிம்பால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரிப்பா. நடந்தே வீட்டுக்குப் போலாம்."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் மெதுவாக வந்தேன். அக்காவும் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தாள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தாலும் சூடு குறையவில்லை. திறந்த கண்ணாடி வழியே அவர்கள் பேச்சு கேட்டது.

"மெதுவாப் போ குட்டி. அப்பாவுக்கு மூச்சு வாங்குது."

"சரி, மெதுவா போலாம். ஆனா நிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, அவள் தன் அடியைச் சுருக்கிக்கொண்டு அவர் கூடவே நடந்தாள்.